தனி இனம்

எனக்குச் செடிகளிடம் கோபம் வந்ததே கிடையாது. மனிதர்களிடம் வந்திருக்கிறது. அதிலும் என் மச்சினன்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மலைச்சரிவில் நான் கண்ட ஆர்க்கிட் பூவைப் புது இனம் என்று அறிவித்து, அதற்கு என் மனைவியின் பெயரை வைத்தேன். அவளுடைய தம்பியும் என் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறான். அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே நான்தான். வெளியூர் நிபுணர்கள் நிறைந்த அரங்கில் அவன் எழுந்து நின்றான்.

"இது தனி இனம் இல்ல அத்தான். சரிவுக்கு மேல வெள்ளை, கீழ மஞ்சள். ரெண்டும் ஒரே சமயத்துல பூக்குது. உங்க பூ நடுவுல மட்டும்தான் இருக்கு. இதழ் அகலம், உள்ளே இருக்கற புள்ளி, எல்லாமே பாதிக்குப் பாதி. அந்த ரெண்டும் சேர்ந்து தானா உண்டான கலப்பு."

அரங்கமே சிரித்தது. அத்தான் என்றதற்குத்தான் சிரித்தார்கள் என்று மனைவி சமாதானம் சொன்னாள். "என் பேரை வைங்கன்னு நான் கேட்டேனா? விட்டுத் தொலைங்க." அக்காவும் தம்பியும் ஒரே பாட்டைப் பாடினால் பற்றிக்கொண்டு வராதா?

அவன் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. முதல் நாளே தெரியும். ஆனால் கலப்பு என்று ஒப்பிட்டுக் காட்டத் தாயும் தகப்பனும் வேண்டும். வெள்ளை எங்கும் கிடைக்கும். மஞ்சள், உலகத்திலேயே அந்தச் சரிவில் மட்டும்தான்.

பட்டப்பகலில், கையுறை மாட்டிக்கொண்டு, நிதானமாக, சரிவிலிருந்த மஞ்சளை ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கினேன். கண்ணாடி வீட்டில் அவன் பிள்ளைபோல் வளர்த்த மஞ்சள் நாற்றுகளுக்கு வெந்நீர் ஊற்றினேன். சேமித்த விதைகளையும் உலர்த்திய மாதிரிகளையும் கொளுத்தினேன். இனித் தலைகீழாக நின்றாலும் அந்த மஞ்சள் யாருக்கும் கிடைக்காது. அவன் முகம் போன போக்கைப் பார்த்தபோது என் வயிறு குளிர்ந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

நேற்று என் அறைக்கு வந்தான். கத்தட்டும் என்று காத்திருந்தேன். உட்காரக்கூட இல்லை.

"உங்க பூ விதை பிடிக்காது அத்தான். மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தாத்தான் புதுசா ஒண்ணு பிறக்கும். இப்ப இருக்கற செடியெல்லாம் பட்டுப்போற வரைக்கும் அது இனிமே தனிதான்."

தனி. கேட்டீர்கள் அல்லவா? கடைசியில் அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான்.