சாம்பல் மேட்டில் ஒரு பனிச்சறுக்கு

காவல் ஆய்வாளர் அவர்களுக்கு,

என் பெயர் கமலினி. வயது 15. தகப்பனார் பெயர் ஜனார்தனன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்புறம் உள்ள லைன் வீடுகளில் நான்காவது வீட்டில் குடியிருந்து, பத்தாம் வகுப்பு படித்து வருகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்த காவலர் ஈஸ்வரி அக்கா பெயர், வயது, விலாசம் இவற்றை முதலில் எழுதிக்கொண்டார். அதனால் நானும் அப்படியே தொடங்கியிருக்கிறேன். காலையில் நான் அவரிடம் சொன்னது பொய். அப்பா தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

என் அப்பா ஒரு இரும்பு கம்பெனியில் லாரிகளுக்கு எடை போடும் வேலை பார்க்கிறார். அம்மா பங்கஜவல்லி திருவள்ளூரில் இருக்கிறார். கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்த என் மாமா படுக்கையில் விழுந்துவிட்டதால் அவரைப் பார்த்துக்கொள்ளப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இங்கே வந்து ஒரு வாரத்துக்குப் பொடி, ஊறுகாய் வைத்துவிட்டுப் போவார். பள்ளி விட்டு வந்தால் இரவு எட்டு மணி வரை வீட்டில் நான் மட்டும்தான். மற்ற லைன் வீடுகளில் இருப்பவர்கள் பேசும் இந்தி எனக்குத் தெரியாது.

சமீனா என் வகுப்பில் படிக்கிறாள். அவள் வாப்பா முஸ்தபா பஜாரில் வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவர்கள் பழவேற்காட்டுக்காரர்கள். அந்தக் கடையில் ஒரு கயிறு கம்பெனி கொடுத்த காலண்டர் மாட்டியிருந்தது. அதில் ஏப்ரல் மாதத்துப் படத்தில் கடல், அதன் ஓரம் வெள்ளை மலை, மலையடியில் சிவப்பு வீடுகள், மலையில் சறுக்கிக்கொண்டு வரும் இரண்டு பேர் இருந்தார்கள். அடியில் ஸ்வால்பார்ட் என்று போட்டிருந்தது. அதன் பிறகு பள்ளிக் கணினியில் தேடிப் பார்த்து, அது நார்வேக்கும் வடக்கே உள்ள தீவு என்றும், அங்கே நான்கு மாதம் சூரியன் மறையாது என்றும், ஊரைத் தாண்டிப் போனால் கரடிக்காகத் துப்பாக்கி எடுத்துப் போக வேண்டும் என்றும் தெரிந்துகொண்டோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வேலைக்குப் போய், அங்கே பனிச்சறுக்குக்குப் போவது என்று முடிவு செய்தோம்.

அதற்காக ஒரு கிராஃப் நோட்டுப் போட்டோம். அதில் கும்மிடிப்பூண்டி லோக்கல் வண்டியில் இருந்து ஆஸ்லோ விமானம் வரை வழி எழுதியிருக்கிறது. என்ன உடுத்துவது என்று மூன்று பக்கம் இருக்கிறது. அங்கே என்ன சாப்பிடுவது என்று நான் கவலைப்பட்டபோது சமீனா, "உங்க ஊட்டு புளியோதரை நாலு நாள் தாங்குமில்ல, அத்த கட்டிக்கினு போலாம். அங்க ஊரே ஃப்ரிட்ஜுடி, ஒரு மாசம் கெடாது" என்றாள். அதையும் நோட்டில் எழுதினேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அப்பாவுக்கு அவளைத் தெரியாது.

அங்கே போவதற்கு முன்பு சறுக்கப் பழக வேண்டும் என்று சொன்னது நான்தான். அப்பா வேலை பார்க்கும் கம்பெனியின் பின்பக்கம் உலைச் சாம்பல் கொட்டிய மேடு இருக்கிறது. இரண்டு மாடி உயரம் இருக்கும். சுற்றுச்சுவரில் ஓர் இடத்தில் கற்கள் விழுந்து சந்து உண்டு. சாம்பல் பறக்காமல் இருக்கத் தினமும் மூன்று மணிக்கு அங்கே காவல் பார்க்கும் எட்வர்ட் என்பவர் குழாயில் தண்ணீர் அடிப்பார். நான்கு மணிக்கெல்லாம் மேல்பக்கம் காய்ந்து இறுகி வழுவழுப்பாக இருக்கும். ஆப்பிள் பெட்டிப் பலகைகளின் அடியில் மெழுகுவத்தி தேய்த்து, சமீனா கடையிலிருந்து எடுத்து வந்த நைலான் கயிற்றால் காலில் கட்டிக்கொண்டு, ஜனவரியில் இருந்து சனிக்கிழமைகளில் சறுக்கினோம். ஒரு முறை எட்வர்ட் எங்களைப் பார்த்துவிட்டார். "யம்மா, இது வெளாட்ற எடமா? மேலதான் கெட்டி, உள்ள பொதுபொதுன்னு இருக்கும். எறங்குங்க" என்று திட்டி அனுப்பினார். எங்கள் பெயரைக் கேட்கவில்லை. வேறு எதுவும் சொல்லவில்லை, செய்யவில்லை.

நேற்று சனிக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு மேட்டில் ஏறினோம். எனக்குச் சாம்பல் பட்டால் இருமல் வரும் என்பதால் சமீனா தன் பச்சைத் துப்பட்டாவைக் கழற்றி என் மூக்கோடு சேர்த்துச் சுற்றிவிட்டாள். அதன் பிறகு அவள் உட்கார்ந்து காலை நீட்ட, நான் பலகைகளைக் கட்டினேன். போன வாரம் பலகை கழன்றுவிட்டதால் இந்த முறை முடிச்சை இறுக்கினேன். "ரத்தம் ஓடலடி, கால் மரத்துப் போவுது" என்றாள். அங்கே குளிரிலும் அப்படித்தான் இருக்கும், பழகிக்கொள் என்று சொன்னேன். அதன் பிறகு அவள் எழுந்து நின்று தள்ளச் சொன்னாள், நான் தள்ளினேன்.

லாரியில் ஏற்றுவதற்காக அன்று காலை மேட்டின் அடியை மெஷினால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். மேலே இருந்து பார்த்தால் அது தெரியவில்லை. எப்போதும் சரிவாக முடியும் இடத்தில் அவள் கீழே போய்விட்டாள், அதன் பிறகு மேலிருந்த சாம்பல் சரிந்தது. நான் சுற்றி இறங்கிப் போய்ப் பார்த்தபோது ஒரு பலகையின் நுனி மட்டும் தெரிந்தது. கத்தினால் ஆட்கள் வருவார்கள், அப்பாவின் வேலை போய்விடும் என்று நினைத்துக் கத்தாமல் கையால் தோண்டினேன். எட்வர்ட் எப்படிப் பார்த்தார் என்று தெரியாது, ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டு அவர் தோண்டினார். முகம் தெரிந்ததும் வாயில் விரலை விட்டுச் சாம்பலை எடுத்தார். அவள் மூக்கில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. அதன் பிறகு என்னைப் பார்த்து, "கேட்டாண்ட ஓடிப்போய் ஆளக் கூட்டியாம்மா" என்றார்.

நான் ஓடினேன். சந்து வழியாக வெளியே வந்து வீட்டுக்கு ஓடினேன். யாரையும் கூப்பிடவில்லை.

அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. எட்வர்ட் பலகைகளின் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தார் என்றும், துப்பட்டா இல்லாமல் மயங்கிய பெண்ணை அவர் தூக்கி வந்ததைப் பார்த்த ஆட்கள் அவரை அடித்துப் போலீஸில் ஒப்படைத்தார்கள் என்றும் பக்கத்துக் கடையில் பேசிக்கொண்டார்கள். சமீனாவைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

இன்று காலை ஈஸ்வரி அக்கா முஸ்தபா மாமாவிடம் என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். சமீனாவின் இரண்டு கணுக்காலிலும் கயிறு கட்டிய தடம் இருக்கிறது, எட்வர்ட் உங்களில் யாரையாவது கட்டிப் போட்டிருக்கிறானா என்று கேட்டார். எட்வர்ட் தன்னை நம்பச் சொல்லி, இன்னொரு பெண் இருந்தாள், ஆள் கூட்டி வர அனுப்பினேன் என்று சொல்கிறானாம், அது நீயா என்றும் கேட்டார். நான் பேசுவதற்குள் அப்பா, "எங்காத்துப் பொண்ணு நேத்து வாசப்படி தாண்டல. அந்தப் பொண்ணு யாருன்னே எங்களுக்குத் தெரியாது" என்றார். ஈஸ்வரி அக்கா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்பா பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். எட்வர்டை நாளைக் காலை கோர்ட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு ஈஸ்வரி அக்கா போனார்.

மதியம் அம்மா வந்தார். தலை வாரும்போது என் காதுக்குப் பின்னால் இருந்த சாம்பலைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஐந்து மணிக்குப் பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் திரும்பிப் போனார்.

அந்தத் தடம் நான் போட்ட முடிச்சால் வந்தது. துப்பட்டா என்னிடம் இருக்கிறது, இதனுடன் வைத்திருக்கிறேன், துவைக்கவில்லை. மெழுகு தேய்த்த பலகைகள் சாம்பலுக்குள் கிடக்கும், தோண்டினால் கிடைக்கும். கிராஃப் நோட்டையும் வைத்திருக்கிறேன். உங்கள் வேலை முடிந்ததும் நோட்டைச் சமீனாவிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன், இனி என்னுடன் பேச அவள் வீட்டில் விடமாட்டார்கள். காலையில் எட்வர்டைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும் முன்பு இதை நானே கொண்டுவந்து தருவேன்.

இதில் எழுதியதெல்லாம் நடந்தது. காலையில் நான் தலையாட்டி ஒத்துக்கொண்டது நடக்காதது. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. சாட்சிகள் இரண்டு பேர். ஒருத்தியால் பேச முடியாது. இன்னொருவர் நேற்றிலிருந்து உங்களிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜ. கமலினி