வலப்பக்கம் அரை அங்குலம்

ஷஹ்மா: ...அப்படிச் சொன்னா எப்படி டீச்சர்? இந்தப் பழைய ஜாக்கெட்ட அளவுக்கு வச்சிக்கொண்டு நான் கண்ண மூடிட்டு வெட்டவா?

கஜலட்சுமி: அது சரியாத்தான் இருக்கு ஷஹ்மா. அதப் பாத்து வெட்டுங்க, போதும்.

ஷஹ்மா: சரியா ஈக்கி எண்டு நீங்க சொல்றீங்க. ஆள் பாதியாப் போயிட்டீங்க. எத்தின மாசம் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல்ல... வத்தேகமையில வேற நல்ல டெய்லர் கிடைச்சிட்டாக்கும்.

கஜலட்சுமி: ஐயோ, அப்படியெல்லாம் இல்ல.

ஷஹ்மா: முன்பள்ளியிலயும் காணல்ல. எங்கட சின்னவள் வீட்டுக்கு வந்து அழுவுறா. கஜலட்சுமி டீச்சர் வரல்லயாம், புது டீச்சருக்குப் பாட்டுப் பாடவே ஏலாதாம்.

கஜலட்சுமி: ஒங்க மகளா? அவ எங்க பாட்டக் கேட்டா? பக்கத்துப் பிள்ளையோட சாப்பாட்டுப் பெட்டியிலதானே கண்ணு!

ஷஹ்மா: வாப்பாவக் கொண்டு பொறந்தீக்கி, என்ன செய்ய... சரி, பேக்க அந்தக் கதிரையில வச்சிட்டு எழும்புங்க. தலையில என்ன இது? என்னய மாதிரி மொட்டாக்குப் போட்டுக்கொண்டு?

கஜலட்சுமி: மழை தூறுதில்ல... அதான்.

ஷஹ்மா: எங்க மழை? வெளிய வெயில் கொளுத்துது!

கஜலட்சுமி: காலையில பன்விலப் பக்கம் தூறிச்சு. அளவு எடுக்குறதுன்னா சட்டுனு எடுங்களேன்.

ஷஹ்மா: கையத் தூக்குங்க... இடுப்பு... யா அல்லாஹ், சாப்பிடுறதே இல்லையா? இப்ப நெஞ்சளவு...

கஜலட்சுமி: மெதுவா. வலது பக்கம் இழுத்துப் பிடிக்காதீங்க.

ஷஹ்மா: ஏன், புண்ணா?

கஜலட்சுமி: புண்ணு ஆறிருச்சு.

ஷஹ்மா: அப்ப...?

கஜலட்சுமி: அங்க ஒண்ணும் இல்ல ஷஹ்மா. ...டேப்பு கீழ விழுந்துருச்சு பாருங்க.

ஷஹ்மா: டீச்சர்...

கஜலட்சுமி: அழக் கூடாது. நான் எல்லாத்தையும் அழுது முடிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். ஒங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். ஜாக்கெட்டு அதுக்கப்புறம்தான். இந்தாங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க.

ஷஹ்மா: எப்ப... என்ன நடந்திச்சு?

கஜலட்சுமி: என் தம்பி கணேஸோட கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க வந்தேனே, ஞாபகம் இருக்கா?

ஷஹ்மா: மறக்க ஏலுமா? அந்த நீலத் துணி இன்னும் அலுமாரிக்குள்ள ஈக்கி. கோவிச்சிக்கொண்டு துணியையும் விட்டிட்டுல்ல போனீங்க.

கஜலட்சுமி: அன்னைக்கும் பழைய ஜாக்கெட்டதான் அளவுக்குக் கொண்டு வந்தேன். நீங்க கேக்கல. டேப்ப எடுத்துட்டீங்க.

ஷஹ்மா: அது எனக்குப் பழகிட்டு. ஒருக்கா பழைய ஜாக்கெட்ட நம்பி வெட்டி, ஒரு கல்யாணப் பொண்ணுட உம்மாக்கிட்ட வாங்கின ஏச்சு... இன்னும் காதுக்குள்ள ஈக்கி.

கஜலட்சுமி: அளந்துட்டு மொணகினீங்க. "வலது பக்கம் அரை இஞ்ச் கூட ஈக்கி, முந்தி இப்படி இல்லியே, இனி ரெண்டு பக்கமும் வேற வேறயா வெட்டணும்"னு. கடை நெறைய ஆளுங்க. எனக்கு மானமே போச்சு.

ஷஹ்மா: வேணுமெண்டு சொல்லல்ல டீச்சர். கல்யாண சீசன், தலைக்கு மேல வேல. அதுக்குள்ள இதுவும் சேந்திட்டே எண்டு... வாயில வந்திட்டு.

கஜலட்சுமி: தெரியும். பிறகு ஒரு நாள் மிட்வைஃப் மிஸ் முன்பள்ளிக்கு வந்தாங்க, பிள்ளைங்கள நிறுக்க. நான் சும்மா பேச்சுக்கு, "எங்க டெய்லருக்குக் கண்ணு சரியில்ல மிஸ், எனக்கு ஒரு பக்கம் மட்டும் ஊதிருச்சாம்"னு சொல்லிட்டுச் சிரிச்சேன். அவங்க சிரிக்கல.

ஷஹ்மா: ம்...

கஜலட்சுமி: பிள்ளைய தராசுல இருந்து இறக்கிட்டு, "டீச்சர், கொஞ்சம் உள்ள வாங்க"ன்னாங்க. மறுநாளே கிளினிக்குக்கு வரச் சொன்னாங்க. அங்கருந்து கண்டிப் பெரியாஸ்பத்திரி. டெஸ்ட்டு, ஒபரேஷன், மருந்து ஏத்துறது... இருந்த முடியெல்லாம் கொட்டிருச்சு. மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல.

ஷஹ்மா: காட்டுங்க பாப்பம்.

கஜலட்சுமி: சிரிக்கக் கூடாது.

ஷஹ்மா: ...மாஷா அல்லாஹ். பச்சப் புள்ளட தலை மாதிரி மொளச்சு வருது.

கஜலட்சுமி: எங்க வீட்டுக்காரரு காலையில எந்திரிச்சதும் தடவிப் பாப்பாரு. தேயிலைக் கன்னு நட்டுட்டு, துளிர் விட்டுருச்சான்னு பாக்குற மாதிரி.

ஷஹ்மா: மோகனராஜ் அண்ணனா? அவர் வாயத் தொறந்தே நான் கண்டதில்ல.

கஜலட்சுமி: இப்பவும் தொறக்குறதில்ல. தடவுறதோட சரி. டாக்டர் கேட்டாரு, "மொதல்ல யாரும்மா கவனிச்சது?"ன்னு. டெய்லர்ன்னேன். காதுல சரியா விழலன்னு நெனச்சு மறுபடியும் கேட்டாரு.

ஷஹ்மா: சும்மா போங்க டீச்சர்!

கஜலட்சுமி: உண்மைதான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கைய மீறிப் போயிருக்கும்னாரு. நான் வீட்டுல சமைச்சுக்கிட்டு இருக்கேன், சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன், இங்க வந்து ஒங்க முன்னால நிக்கிறேன்... எல்லாம் ஒங்க மொணகல்தான் ஷஹ்மா. சாமி கும்பிடும்போது ஒங்க பேரையும் சொல்றேன்.

ஷஹ்மா: அது அல்லாஹ்ட காவல். நான் என்ன செஞ்சன்? வேல கூடுதே எண்டு புறுபுறுத்தன்.

கஜலட்சுமி: பரவால்ல, புறுபுறுத்தீங்களே! திங்கக்கிழமை மறுபடி வேலைக்குப் போறேன். பிள்ளைங்க ஓடி வந்து நெஞ்சுலதான் விழுவாங்க. ஒரு பக்கம் பள்ளமா இருந்தா, "டீச்சர், இங்க இருந்தது எங்க?"ன்னு கேட்டுருவாங்க. அதான் பழைய அளவுலயே வெட்டச் சொன்னேன். உள்ள பஞ்சு வச்சுக்கலாம்னு.

ஷஹ்மா: பஞ்சு வாணாம். வேர்வையில கட்டியாப் போகும். பாரமும் இல்ல, கையத் தூக்கக்குள்ள ஜாக்கெட் அந்தப் பக்கம் மேல ஏறிடும். உள்ளுக்கு மெல்லிய பருத்தியில ஒரு பொக்கட் வைப்பம். சின்னப் பை ஒண்ணு தச்சி, குரக்கன் தானியம் போட்டு அதுக்குள்ள வச்சா சரியான பாரம். கழுவக்குள்ள வெளிய எடுக்கலாம். தழும்புல தையல் படாமப் பாத்துக்கொள்றன், இல்லாட்டி உறுத்தும்.

கஜலட்சுமி: உறுத்தும்தான்... இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

ஷஹ்மா: ரெண்டு மூணு பேருக்குத் தச்சிக் குடுத்தன். கிளினிக்குல பழக்கமான பொம்பளைகள்.

கஜலட்சுமி: எந்தக் கிளினிக்கு?

ஷஹ்மா: அதான்... நீங்க போன அதே ஆஸ்பத்திரிதான். உம்மாவக் கூட்டிக்கொண்டு போனன்.

கஜலட்சுமி: ஐயையோ, பாயிஸா உம்மாவுக்கு என்ன? நல்லாத்தானே இருந்தாங்க?

ஷஹ்மா: நல்லா ஈக்கிறா. திரும்புங்க, முதுகு நீளம் எடுக்கணும்.

கஜலட்சுமி: பேச்ச மாத்தாதீங்க. நல்லா இருக்குறவங்கள எதுக்கு அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனீங்க?

ஷஹ்மா: ...டீச்சர், அண்டைக்குக் கோவிச்சிட்டுப் போகக்குள்ள, கதவுல நிண்டு எனக்கு ஒரு பேச்சுப் பேசினீங்க.

கஜலட்சுமி: ஐயோ... அதையும் ஞாபகம் வச்சிருக்கீங்களா?

ஷஹ்மா: "மொதல்ல ஒன் அளவ எடுத்துப் பாருடி" எண்டீங்க. "டி" போட்டு.

கஜலட்சுமி: தப்புதான் ஷஹ்மா. அத்தன பேருக்கு முன்னால... மனசுல வச்சுக்காதீங்க.

ஷஹ்மா: நல்லா வச்சீக்கிறன். கேளுங்க. எனக்கும் கோவம். என்ட ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் எண்டு எனக்கே காட்டணும் போல ஈந்திச்சு. லுஹர் தொழுகைக்குக் கடைய மூடினதும், இந்தக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு டேப்ப வச்சன்.

கஜலட்சுமி: வித்தியாசம் இருந்துச்சா?

ஷஹ்மா: அளவு ஒண்டுதான். கக்கத்துக்குக் கிட்ட விரல்லதான் என்னமோ தட்டுப்பட்டிச்சு. கடலைக் கொட்ட மாதிரி.

கஜலட்சுமி: ஷஹ்மா...

ஷஹ்மா: சின்னதா ஈக்கக்குள்ளயே எடுத்திட்டாங்க. இப்ப ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ். நீங்களும் போய்க் காட்டுங்க எண்டு சொல்லத்தான் முன்பள்ளிக்கு ரெண்டு தரம் வந்தன். டீச்சர் லீவு எண்டாங்க, ஏன் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. அதுக்குப் பொறகு ஒவ்வொரு தொழுகையிலயும் ஒங்களுக்கு துஆ கேட்டுக்கொண்டுதான் ஈந்தன்.

கஜலட்சுமி: அப்ப... உம்மாவுக்கு?

ஷஹ்மா: உம்மாக்கு ஒண்டுமில்ல டீச்சர். உம்மாதான் என்னயக் கையப் பிடிச்சிக் கூட்டிக்கொண்டு போனா.