குன்றுமேட்டுத் தண்ணி மெஷின்

— ரிப்பனை வெட்டிட்டு ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா, போதும். பேராசிரியர் செவெல்மாவே பாராட்டிட்டாங்கன்னா உலான்பாத்தர்ல அப்புறம் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்.

— ஊர் வாயை அடைக்கத்தான் என் வாயைத் திறக்கச் சொல்றியா? ஹாஸ்டல்ல எனக்கு ஜூனியரா இருந்தப்பவே நீ இப்படித்தாண்டா எல்பெக்.

— பாருங்கக்கா, இருபது வருஷமா இந்தக் குன்றெல்லாம் ஏறி இறங்கினது யாரு? அடுக்குமாடிக்காரன் குளிச்சு ஊத்துறதுல கால்வாசிகூட இங்க குடிக்கக் கிடைக்கலைன்னு உலகத்துக்கே சொன்னது யாரு? இப்ப பாருங்க, தண்ணி விக்கிற பூத்துக்காரம்மா வர்ற வரைக்கும் பனியில நிக்க வேண்டாம். கார்டைக் காட்டினா எந்நேரமும் தண்ணி.

— கார்டு இருக்கிறவனுக்கு.

— கேட்டா கொடுக்கிறோமே!

— விலாசம் பதிஞ்சவனுக்கு. போன குளிர்ல மந்தை விறைச்சுச் செத்து, கூடாரத்தை லாரியில ஏத்திக்கிட்டு வந்தவனுக்கு ஏதுடா விலாசம்? நேத்து சோதனைக்கு ஓடவிட்டீங்களே, அந்தச் சிவப்புத் தொப்பிக்காரி காலிக் கேனை இழுத்துக்கிட்டுத் திரும்பிப் போனா. பழைய பூத்துல இருந்த அம்மா யாரையாவது விலாசம் கேட்டாளா?

— அது மேலிடத்து விதிக்கா. நான் வெறும் இன்ஜினியர். கார்டு இல்லைன்னா தண்ணி விடாத அந்தப் பூட்டை மெஷின்ல இருந்து எடுக்கணும்னா மொத்தத்தையும் கழட்டித் திரும்பக் கட்டணும். நடக்காது.

— சரி விடு. யுனிவர்சிட்டியில இருந்து உன் கார்ல வந்தப்ப டிக்கியில சளக் சளக்குன்னு சத்தம். என்னடா அது?

— ஸ்டெப்னி.

— ஸ்டெப்னி தளும்புமா?

— ...தண்ணி கேன்தான். என் தம்பி ஒத்கோன் அடுத்த மேட்டுல கூடாரம் போட்டிருக்கான். ஆடெல்லாம் போச்சு, பொண்டாட்டி புள்ளைங்களோட வந்துட்டான். என் வீட்டுக் குழாயில பிடிச்சுக் கொண்டு போறேன். சிரிக்காதீங்க.

— சிரிக்கலடா. கார் வச்ச அண்ணன் இல்லாதவன் என்ன பண்ணுவான்?

— அதுக்குத்தான் சொல்றேன். தண்ணிக்குன்னு ஆணையம் வருது, தலைவர் நாற்காலி உங்களுக்குன்னு பேச்சு. இன்னைக்கு நல்லபடியா பேசிட்டு, அங்க உட்கார்ந்து அந்த விதியை மாத்தி எழுதுங்க.

— இனிமே என்னத்தை எழுத? நான் எழுதின ஆராய்ச்சிக்குச் சியோல்ல கைதட்டினாங்க, ஜெனீவாவுல விருந்து வச்சாங்க, இங்க ஒரு குழாய் நகரல. கோர்ட்டுக்குப் போனா, 'அம்மா, உங்க வீட்டுல தண்ணி வருது, உங்களுக்கென்ன பாதிப்பு'ன்னு திருப்பி அனுப்பினாங்க. கூடாரத்துக்காரங்க வழக்குப் போட பயப்படுறாங்க, துரத்திடுவாங்கன்னு.

— கோர்ட்டெல்லாம் ஆகாதுக்கா.

— ஆச்சுடா. நேத்து வழக்கை எடுத்துக்கிட்டாங்க.

— யார் போட்டது?

— நான்தான். ஃப்ளாட்டை வித்துட்டேன். அதோ, நீலக் கதவுக் கூடாரம் தெரியுதா? இலை உதிர ஆரம்பிச்சதுல இருந்து அதுதான் என் வீடு. பட்டா இல்லாத மேடு, விலாசம் பதிய மாட்டேன்னுட்டாங்க. எனக்கும் கார்டு கிடையாது. இப்ப சொல்லட்டும், எனக்கென்ன பாதிப்புன்னு!

— அக்கா! இந்தக் குளிர்ல, இந்த வயசுல, கரி அள்ளிப் போட்டுக்கிட்டா?

— அடுப்பு நல்லாத்தான் எரியுது. பக்கத்துக் கூடாரத்துக்காரி ஆட்டுக்கறி வச்ச பூஸ் கொழுக்கட்டை அவிச்சுத் தர்றா. நம்ம ஹாஸ்டல் சோத்தைவிட ஆயிரம் மடங்கு தேவலை.

— அந்த நாற்காலி போச்சே!

— போகட்டும். வழக்குல ஜெயிச்சுக்கிறேன்.

— ஜெயிக்க மாட்டீங்கக்கா. மெஷின் வச்ச எங்க கம்பெனி வக்கீல் எழுந்து, பூட்டை எடுக்க வழியே இல்லைம்பான். நீதிபதிக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? நம்பிடுவார்.

— நீயும் அதையேதானே சொன்ன?

— சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்.

— மைக்குல என் பேரைக் கூப்பிடுறாங்க. நான் மேல போய் வழக்கைப் பத்தித்தான் பேசப் போறேன். உனக்குச் சங்கடம்னா இப்பவே கிளம்பிடு.

— கிளம்பலக்கா. சாட்சியா என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. அந்தப் பூட்டைப் போட்டதே நான்தான், ஒரு கோப்பை டீ ஆறுறதுக்குள்ள எடுத்துடலாம்னு கோர்ட்டுல வந்து சொல்றேன்.