வரன் என்றால் உடும்பு

தலைமை வகிக்கும் எங்கள் கழகத் தலைவி ஐரின் டீச்சர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சுபாஜினி அக்கா அவர்களே, மழையையும் பாராமல் கம்பளையிலிருந்தும் பன்விலயிலிருந்தும் வந்திருக்கும் ஸ்க்ரபிள் நண்பர்களே! கண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் மோகனராஜின் வணக்கம். சனிக்கிழமை பின்நேரம் இந்த மண்டபத்தில் நான் எழுந்து நின்றால், அண்ணனிடம் தோற்றுவிட்டேன் என்று அர்த்தம். இன்றும் தோற்றுத்தான் நிற்கிறேன்.

பேராதனை ரயில் நிலையத்தின் முன்னாள் அதிபர், எங்கள் சொல்லாட்டக் கழகத்தின் நிறுவனர், அண்ணன் தவநேசன் இன்று இல்லை! அன்பானவர், பண்பானவர் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் ஆட்டத்தில் தோற்றால் அவர் முகத்தைப் பார்க்க முடியுமா? அவர் மனைவி சுபாஜினி அக்கா சிரிக்கிறார். அவருக்குத் தெரியும், அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டில் உப்பு குறைவு என்பார்!

அண்ணன் இந்தக் கழகத்துக்குத் தந்த சட்டம் ஒன்றே ஒன்று. பலகையில் எழுத்துக் கட்டைகளை அடுக்கி வைக்கும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் எழுத்துகளை எடுத்துவிட வேண்டும். முதல் நாள் நான் போனில் மனப்பாடம் செய்த இசட், ஏ, எக்ஸ் என்ற சொல்லைப் பெருமையோடு வைத்தேன். "பொருள்?" என்றார். போனைத் தேடினேன். "பேர் தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விடுவீரோ, ஐசே?" என்றார். கூரைக்கல்லை வெட்டும் கருவியாம்!

ஒருநாள் சி, டபிள்யூ, எம் என்று உயிரெழுத்தே இல்லாமல் வைத்தார். "இதென்னண்ணே, பஸ் நம்பரா?" என்றேன். "பனி குடைஞ்ச மலைப்பள்ளம், ஐசே. மலைக்குள்ள இருந்துகொண்டு இது தெரியாதோ?" என்றார். 'அனிகட்' என்ற சொல் நம்முடைய அணைக்கட்டுத்தான் என்று கண்டுபிடித்த அன்று அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! "எங்கட ஆள், வெளிநாடு போய்ப் பேரை மாத்தியிருக்கிறார்!" என்று சொல்லி எல்லோருக்கும் தேநீரும் சூடான பெட்டிஸும் வாங்கித் தந்தார்.

கடைசி ஆட்டம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடந்தது. வி, ஏ, ஆர், ஏ, என் என்று வைத்தார். வரன்! "இந்த வயசுல யாருக்குண்ணே வரன் பாக்குறீங்க?" என்றேன். "உடும்பு, ஐசே. அகராதியில கிடக்கு" என்றார். அதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. என் முறை பாக்கி. எழுந்தேன். அவர் பலகையைத் தொட்டுக் காட்டினார்.

"உடும்பு அகராதிக்காரருக்கு. உமக்கு வேற பொருள். வாசிச்சுப் பாரும், வாறன். சனிக்கிழமை வாறன்."

சனிக்கிழமை வந்தது. அவர் வரவில்லை. இன்றைக்கும் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஏங்கிப்போய் இருக்கிறேன்.

அந்தப் பலகை இதோ, இந்த மேசையில் இருக்கிறது. என் முறையை நான் இன்னும் ஆடவில்லை. ஏன் ஆடவில்லை? நான் ஆடினால் அடுத்தது அவர் முறை. அவர் இருக்க வேண்டுமே!

ஆட்டத்தின் விதி உங்களுக்குத் தெரியும். எதிராளியின் சொல்லில் சந்தேகம் இருந்தால், நம் முறையை ஆடுமுன் சவால் விடலாம். விடாமல் ஆடிவிட்டால், பிழையான சொல்லும் நிற்கும். உடும்பில் பிழையில்லை. ஆனால் 'வாறன்' என்றாரே, அதற்குச் சவால் விட்டால்? வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணனை நான் வெல்வேன். அந்த வெற்றி எனக்கு எதற்கு?

நண்பர்களே, சனிக்கிழமைகளில் இந்த மண்டபம் திறந்திருக்கும். புதிதாக யார் வந்தாலும் "பொருள்?" என்று கேட்போம். இது அவருக்கு நாங்கள் தரும் வாக்கு.

இதோ, உங்கள் எல்லோருக்கும் முன்னால் என் எழுத்துகளை வைக்கிறேன். சவால் விடவில்லை. அவர் சொல் நிற்கிறது. இனி அவர் முறை.

'வாறன்' என்று சொல்லிப் புறப்பட்டவரை எங்கள் பக்கத்தில் 'போங்க' என்று அனுப்புவதில்லை.

சரிண்ணே, வாங்க.