என் சட்டையில் குசாகாபேயின் பேட்ஜ்

அந்தக் கடற்கரை விடுதியில் வெந்நீர்த் தொட்டி அருமையாக இருக்கும். குசாகாபே எனக்குப் பழக்கமானது அங்கேதான். அவர் அணுமின் நிலையத்தில் குழாய் பழுதுபார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி. நான் அங்கே கதிர்வீச்சுப் பாதுகாப்பைத் தணிக்கை செய்ய வருடாவருடம் போகிறவன்.

உள்ளே போகிற ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு பேட்ஜ் இருக்கும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். எல்லையைத் தாண்டினால் அந்த வருடம் வேலை கிடையாது. குசாகாபே எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ, சொல்வதற்கென்ன, உள்ளே போகப் பயம். நேரில் பார்க்காமல் அறிக்கை எழுதவும் முடியாது.

அவர்தான் சிரித்துக்கொண்டே வழி சொன்னார். "பயமா இருந்தா வெளியவே உக்காந்து டீ குடிங்க ஐயா. உங்க பேட்ஜை நான் மாட்டிட்டுப் போறேன், என்னுது உங்ககிட்ட இருக்கட்டும். உங்களுக்கும் உள்ள போன பேரு, எனக்கும் வேலை போகாது."

யோசனை அவருடையது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்ஜ் மாற்றும் வழக்கம் இங்கே இல்லை என்று நான் அறிக்கை எழுதினேன். உயிரைப் பொருட்படுத்தாமல் உள்ளே இறங்குகிறவர் என்று தலைமை அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர்.

மூன்றாவது வருடம் அவர் தயங்கினார். ஈறில் ரத்தம் கசிகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். எனக்கும் மனசு கஷ்டப்பட்டது. ஆனால் அந்த முறை கதிர் மிகுந்த நீராவிக் கலன் அறையைப் பார்த்தே ஆகவேண்டும். பழைய சங்கதி வெளியே தெரிந்தால் முதலில் யாருக்கு வேலை போகும் என்று மட்டும் கேட்டேன். மிரட்டவில்லை, நினைவுபடுத்தினேன்.

"குடுங்க ஐயா," என்று கையை நீட்டினார்.

ரத்தப் புற்றுநோய் என்றார்கள். பனி உருகுவதற்குள் போய்விட்டார். அவர் மனைவி சிசுரு இழப்பீடு கேட்டபோது, என் கருத்தைக் கேட்டார்கள். அவருக்குப் பட்ட கதிர் எல்லைக்குள்தான், நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்றேன். பேட்ஜ் அப்படித்தானே காட்டியது? அந்த அம்மாள் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து குனிந்து வணங்கினார். "அவர் உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்லைங்க. நீங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். பழம் இனிப்பாகவே இருந்தது.

வருடாவருடம் டாக்டர்கள் என்னைக் கூப்பிட்டுப் பரிசோதிக்கிறார்கள். இவ்வளவு கதிர் பட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறீர்களே என்று வியக்கிறார்கள்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று நீங்கள் சொல்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் மேல் பட்டது அத்தனையும் இன்றைக்கும் என் பெயரில்தான் இருக்கிறது. ஒரு நண்பனுக்காக இதைவிட அதிகமாக எவன் செய்வான்?