மூணாவது நிர்வாணா

ஹலோ... ஹலோ, நிர்வாணாவா? ... எந்த நிர்வாணான்னு முதல்ல சொல்லிடுங்க. ... ஐயோ, கோவிச்சுக்காதீங்க மேடம், இது மூணாவது. முதல்ல கிடைச்ச நிர்வாணால எண்ணெய் மசாஜ் ஒரு மணி நேரமா, ரெண்டு மணி நேரமான்னு கேட்டாங்க. அடுத்த நிர்வாணா அடுக்குமாடி. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீச்சல் குளம் வரைக்கும் போயிட்டாரு அந்த ஆளு. ... ஆமா, ஆமாங்க, தியானம்! பத்து நாள் பேசாம இருக்கிறது... அதேதான். அப்பாடா.

என் வீட்டுக்காரர் அங்க வந்திருக்காரு. காலைல ஏழு மணி பஸ்ல கிளம்பினாரு. லிப்ட் மெக்கானிக். நெட்டையா, ஒல்லியா, நீலப் பை... ஆங், அவரேதான். கொஞ்சம் கூப்பிடுங்களேன். ஒரே நிமிஷம்.

... தெரியும், போனை வாங்கிப் பூட்டிட்டீங்க, அதனாலதானே ஆபீஸ் நம்பருக்கு அலையுறேன். ... பன்னெண்டு மணிக்கு மணி அடிச்சா மௌனமா? அப்ப இன்னும் இருபது நிமிஷம் இருக்கே! ... இல்ல, வீட்ல யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ... இல்ல, நெருப்பும் பிடிக்கல... எப்படிச் சொல்றது...

ஏய், அந்த வெள்ளைக் கோட்டை சாயத் துணியோட போடாதே! தனியா வை! ... உங்களைச் சொல்லல மேடம். லாண்டரிலேர்ந்து பேசுறேன். இங்கதான் எனக்கு வேலை.

கேளுங்க. துணியை மெஷின்ல போடறதுக்கு முன்னாடி பாக்கெட்டைத் துழாவுறது எங்க வழக்கம். இன்னைக்கு அவரோட வேலைச் சட்டையும் கொண்டு வந்தேன். துழாவினா ஒரு சீட்டு. அவரு கையெழுத்து. படிக்கிறேன், கேக்குதா? "அணைஞ்ச தீ எந்தப் பக்கம் போச்சுன்னு கேக்கக் கூடாது." ... இவ்வளவுதான். கீழ பேரு கூட இல்ல. படிச்சதும் உங்க நம்பரைத் தேட ஆரம்பிச்சுட்டேன்.

... என்னது? நீங்கதான் எழுதச் சொன்னீங்களா? ... போன ஞாயித்துக்கிழமை வகுப்புல? எல்லாருமா எழுதினாங்க? ... அப்ப அவரு சொந்தமா எழுதினது இல்லையா? நிஜமாவா? ... முப்பது பேரும் இதே வரியை பாக்கெட்ல வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனாங்களா? அந்த முப்பது வீட்லயும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே மேடம்!

... இல்ல, இல்ல, இன்னும் இருக்கு. சீட்டு மட்டும்னா நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். காலைல கதவுகிட்ட நின்னு ஏதோ சொன்னாரு. நான் பொண்ணோட ஸ்கூல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன். "எல்லாத்தையும் அணைச்சுடணும்"னு என் காதுல விழுந்துது. அவருக்கு ஆஃப் பண்றதுங்கிற பேச்சே கிடையாது. லைட்டு, ஹீட்டர், லிப்ட்டு எல்லாமே அணைக்கிறதுதான். அதனால நான் திரும்பிக்கூடப் பாக்காம, "போறப்ப ஹீட்டரையும் அணைச்சிட்டுப் போங்க"ன்னேன். கொஞ்ச நேரம் அங்கயே நின்னாரு. அப்புறம் போய் ஹீட்டரை அணைச்சிட்டு, பையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு.

சீட்டைப் படிச்ச பிறகுதான் உறைச்சுது. அவரு சொன்னது அணைச்சுடணும் இல்ல மேடம். அணைஞ்சுடணும். "மொத்தமா அணைஞ்சுடணும்."

... ஆமா. ... ஆமா, புரியுது... நீங்க சொல்றது புரியுது, மேல சொல்லுங்க. ... ஆள் அணையறது இல்ல. ... ஆசை, கோபம், மயக்கம். இந்த மூணு தீதான் அணையுது. சரி. எண்ணெய் தீர்ந்தா விளக்கு தானா... சரி. லிஸ்ட்ல மூணுதானா? குத்த உணர்ச்சி அதுல வராதா? ... அது எந்தத் தீயிலயாவது சேரும்ல? பாத்துச் சொல்லுங்க மேடம், அவருக்கு அதுதான் எரியுது.

எட்டு மாசம் ஆச்சு. இவரு லிப்ட்டுக்கு மேல, கூட வேலை பாக்குறவரு கீழ குழிக்குள்ள. அவங்களுக்குள்ள ஒரு கணக்கு உண்டு, கம்பில ஒரு தட்டுன்னா நிறுத்து, ரெண்டு தட்டுன்னா நான் மேல வர்றேன், லிப்ட் பெட்டியை அசைக்காதே. கீழ இருந்தவரு ரெண்டு தட்டு தட்டியிருக்காரு. பக்கத்துல யாரோ சுவர்ல துளை போட்டுக்கிட்டிருந்த சத்தத்துல இவருக்குக் கேக்கல. பெட்டியை இறக்கிட்டாரு. ... கால். வலது கால் நசுங்கிடுச்சு. ... உசிரோட இருக்காரு. அவரே வீட்டுக்கு வந்து, உன் மேல தப்பில்லடான்னு சொல்லிட்டும் போனாரு. இவருக்கு ஏறல. குழாய் சொட்டினா எழுந்துக்கறாரு. ஜன்னல் ஆடினா எழுந்துக்கறாரு. "தட்டுற சத்தம் கேக்குதா?"ன்னு என்னையும் எழுப்புறாரு.

... சொல்லுங்க, கேக்குறேன்.

... உசிரோட இருக்கும்போதே அணையலாமா? ... அவரு, புத்தர், அப்புறமும் இருந்தாரா? எத்தனை வருஷம்? ... நாப்பத்தஞ்சு வருஷமா! நடந்தாரு, சாப்பிட்டாரு, நாலு பேர்கிட்ட பேசினாரு. ... வீட்டுக்கு? வீட்டுக்கு வந்தாரா? ... வந்தாரா! ... வந்துட்டு மறுபடியும் போயிட்டாரா. இதை மட்டும் இவருக்குச் சொல்லிக் குடுக்காதீங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

... சிரிக்கிறீங்க. இங்கயும் காலைலேர்ந்து சிரிப்புதான். வீட்டுக்காரர் நிர்வாணத்துக்குப் போயிருக்காருன்னு தெரியாத்தனமாச் சொல்லிட்டேன். பொத்தான் தைக்கிற அக்கா, "அப்ப பத்து நாளைக்கு உங்க வீட்ல துவைக்கிற துணி மிச்சம்"னுட்டாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே பாக்கெட்ல கையை விட்டேன்...

மணி என்ன? ... இன்னும் ஆறு நிமிஷம்தானா! அக்கா, நீங்க எனக்கு அக்கா மாதிரி. விதி இருக்கட்டும். மணி அடிக்கலைல்ல இன்னும்? ... போறீங்களா? ஓடுங்க. வெச்சுடாதீங்க, அப்படியே மேஜை மேல வெச்சுட்டு ஓடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.

...

ஊசியைக் கீழ வெச்சுடுங்கக்கா, அவரைக் கூப்பிடப் போயிருக்காங்க. ... இல்ல, தண்ணி வேணாம். ... என்ன சொல்றதுன்னு தெரியலைக்கா. பதினாறு வருஷமா அவரோட பேசிக்கிட்டிருக்கேன், இப்ப எதை முதல்ல சொல்ல? ... அந்த மெஷினை ஏன் இப்பப் போடுறா அவ?

... ஹலோ? ஹலோ! என்னங்க, நான்தான். ... ஒண்ணும் ஆகல. பொண்ணு ஸ்கூலுக்குப் போயிட்டா. ... என்ன? ... ஹீட்டரா? ஆமாங்க, அணைச்சிட்டுத்தான் போனீங்க. நான் பாத்தேன். ... நிஜமா. சுவிட்சு கீழதான் இருந்துது. ... பஸ்ல பூரா அதையே நினைச்சுக்கிட்டுப் போனீங்களா? அட என் கூத்தே...

என்னங்க, கேளுங்க, நேரமில்ல. நீங்க ஹீட்டரை அணைச்சீங்க. நான்தான் உங்களை அணைக்கல. கதவுகிட்ட அவ்வளவு நேரம் நின்னீங்க. நான் காலரை இஸ்திரி போட்டுக்கிட்டு... பொண்ணு சட்டை ஒரு நாள் கசங்கினா என்ன இப்ப? எனக்குக் கேக்கலங்க. நீங்க சொன்னது எனக்குத் தப்பாக் கேட்டுடுச்சு. ... உங்களுக்குக் கேக்காமப் போன மாதிரியே. ... கோபம் இல்ல. பயம். நீங்க அங்க மொத்தமா... அப்படி எதுவும் நினைக்கலையே? சொல்லுங்க. வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லிடுங்க, பத்து நாள் நான் சும்மா இருக்கேன். ... சொல்லுங்களேன்...

என்ன அது? மணியா? ... அடிச்சுட்டாங்களா?

... என்னங்க?

... மூச்சு கேக்குது. இருக்கீங்க. சரி, சரி, பேசாதீங்க. முதல் நிமிஷமே விதியை உடைக்க வேணாம். ஆனா வெச்சுடாதீங்க. அந்த ஆபீஸ் அக்கா பக்கத்துல நின்னா நிக்கட்டும். பேச வேணாம், தட்டுங்க. போன்ல தட்டுங்க. உங்க கணக்குதான், எனக்குத் தெரியும்ல. ... கொஞ்சம் இருங்க.

ஏய், மெஷினை அணைங்கடி! எல்லாத்தையும்! ஸ்டீமையும் அணை! யாரும் அசையாதீங்க!

... ம். தட்டுங்க.

...

ஒண்ணு...

...

ரெண்டு. மேல வர்றீங்க. கேட்டுச்சுங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. ... ஹலோ?