அப்பான்ர பச்சை நம்பர்

ஓம் அண்ணை, ஓல்ட்டன்ல ரயில் மாறித்தான் லாங்கன்தாலுக்குப் போகோணும். இல்லையில்லை, கலியாணவீடில்லை. அப்பா ஆஸ்பத்திரியில. நான் கண்ணால காணேல்லை, விடிய அம்மா போனில சொன்னதைத்தான் சொல்லுறன்.

அவருக்குக் குடல் வருத்தம். புண் வரும், ஆறும், திரும்ப வரும். புண் இருக்கோ எண்டு இப்ப வீட்டிலயே பாக்கலாம். மலத்தில கொஞ்சம் எடுத்துக் கரைச்சு, ஒரு சோதனைப் பட்டியில துளி விட்டு, போனால படம் பிடிச்சா நம்பர் வரும். ஐயோ, நீங்கள் றோல்ஸ் சாப்பிடுறீங்கள். மன்னியுங்கோ, இனி அந்தச் சொல்லை எடுக்கேல்லை. நம்பர் நேர நர்ஸுக்குப் போகும். நம்பர் பச்சை நிறமெண்டா மருந்தைக் குறைப்பினம், சிவப்பெண்டாக் கூட்டுவினம். அப்பாவுக்கு டொய்ச் பாஷை பெரிசா வராது, அதால அந்த நம்பர் எனக்கும் வாற மாதிரிச் செய்து வச்சனான்.

நானோ? ஷாஃப்ஹவுசன்ல, ஒரு கொம்பனியில. நம்பருகள் சரியோ பிழையோ எண்டு பாக்கிறதுதான் வேலை. சிரிக்காதேங்கோ. ஓம், எங்கட வீட்டில முதல் படிச்ச ஆள் நான்தான். அங்க தனிய ஒரு அறை. வாய்விட்டுத் தமிழ் கதைச்சுக் கனநாள், அதுதான் உங்களைப் பிடிச்சு அலட்டுறன்.

முதல்தரம் சிவப்பு வந்தது. லீவு கேட்டு ஓடிப் போனன். வேலை நிரந்தரமாகாத நேரம், பொஸ் போனில ஏசினவர். குசினிக்குள்ள நிண்டு அழுதனான். அப்பா ஹோல்ல டிவி பாத்துக்கொண்டிருந்தவர், கேக்கேல்லை எண்டு நினைச்சன்.

அதுக்குப் பிறகு எல்லா மாசமும் பச்சை. மருந்தைக் குறைச்சவை, இன்னும் குறைச்சவை. பச்சையைக் கண்டா நான் போன் எடுக்கிறதில்லை. போனில ஒரு கைகூப்புப் படம் அனுப்புவன், அவரும் ஒரு கைகூப்பு அனுப்புவார். அவ்வளவுதான் எங்கட கதைபேச்சு.

முந்தநாள் வேலையில நிண்டவர் அப்பிடியே விழுந்திட்டார். ஒரே ரத்தம். மருந்து கேக்கேல்லை, குடலில ஒரு துண்டை வெட்டோணும் எண்டு டொக்டர்மார் யோசிக்கினமாம்.

இல்லை அண்ணை, மெசின் பிழையில்லை. பச்சையெல்லாம் அம்மான்ர.

ஓம், அம்மான்ரதான். பிள்ளை இனி லீவெடுத்தா வேலை போயிடும், நீ உன்ரயைத் தா எண்டு அப்பா அவவிட்டக் கேட்டவராம். அவவும் குடுத்திருக்கிறா. டொக்டரிட்டச் சொல்ல ரெண்டுபேருக்கும் வெக்கமாம்.

ரயில் ஏற முதல் நானே நர்ஸுக்கு எடுத்துச் சொல்லிப்போட்டன். வெட்டுறதுக்கு முதல் மருந்தைக் கூட்டிப் பாக்கலாமோ எண்டு டொக்டரிட்டக் கேக்கிறாவாம். அம்மான்ரயெண்டு ஏன் பிடிபடேல்லை எண்டும் கேட்டனான். அந்தப் பட்டி புண்ணை மட்டும்தான் பாக்குமாம், ஆரின்ர எண்டு அதுக்குத் தெரியாதாம்.